மூன்று வாய், ஒரே குரல்

1915 ஜூலை 24, சனிக்கிழமை பிற்பகல். நியூயார்க் நகரில் ஆறாவது அவென்யூவின் தூண்கள்மேல் ஓடும் ரயிலில் ஒரு ஜெர்மானியர் கண்ணயர்ந்துவிட்டார். 50-ஆம் தெரு நிலையம் வந்ததும் திடுக்கிட்டு எழுந்து இறங்கினார். கைப்பை இருக்கையிலேயே தங்கிவிட்டது. நினைவு வந்து அவர் திரும்புவதற்குள், அருகில் உட்கார்ந்திருந்த ஒருவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். இவர் துரத்தினார். அவர் தெருவில் போன டிராமில் தாவி ஏறி மறைந்துவிட்டார்.

பையைப் பறிகொடுத்தவர் ஹைன்ரிஷ் ஆல்பர்ட், ஜெர்மன் தூதரகத்தின் வணிகப் பொறுப்பாளர். எடுத்தவர் ஃபிராங்க் பர்க், அமெரிக்க அரசின் ரகசியக் காவல் பிரிவைச் சேர்ந்தவர். மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 15 முதல், பைக்குள் இருந்த கடிதங்கள் 'நியூயார்க் வேர்ல்டு' நாளிதழின் முதல் பக்கத்தில் வரத் தொடங்கின. நேச நாடுகளுக்கு வெடிமருந்து போகவிடாமல் தடுக்க, பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் வேறு பெயரில் ஆயுதத் தொழிற்சாலை தொடங்கியது, ஜெர்மன் ஆதரவு வார இதழுக்குப் பணம் கொடுத்தது, அமெரிக்கச் செய்தித் துறைக்குள் புகப் போட்ட திட்டங்கள் எல்லாம் வெளியே வந்தன. நாடே கொதித்தது.

அந்தக் கடிதங்கள் அத்தனையும் அசல். செய்தியில் பொய் இல்லை. ஆனாலும் 'வேர்ல்டு' தன் வாசகரிடம் ஒன்றை மறைத்தது. கடிதங்களைக் கொடுத்தவர் நிதியமைச்சர் வில்லியம் மெக்காடூ. எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லக் கூடாது என்ற நிபந்தனையின்பேரில்தான் அவை ஆசிரியர் ஃபிராங்க் காப் கைக்குப் போயின. நடுநிலை வகித்த ஓர் அரசு, ஒரு தரப்புத் தூதரக அதிகாரியின் பையைக் கைப்பற்றி, அதைப் பத்திரிகை வழியாக அம்பலப்படுத்தியது. வாசகனுக்கு உண்மை கிடைத்தது. அந்த உண்மையை நீட்டிய கை கிடைக்கவில்லை.

1914 ஆகஸ்ட் முதல் 1917 ஏப்ரல் வரை அமெரிக்கா நடுநிலை நாடு. அந்த 32 மாதங்களில் அதன் பத்திரிகைகளுக்கு நடந்ததை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஜெர்மனி ஒற்றர்களையும் பணத்தையும் இறக்கிப் பத்திரிகைகளைக் கெடுக்கப் பார்த்தது, பத்திரிகைகள் அதை அம்பலப்படுத்தி வென்றன என்பது முதல் கதை. பிரிட்டன் பொய்ப் பிரச்சாரத்தால் பத்திரிகைகளை மயக்கி அமெரிக்காவைப் போருக்குள் இழுத்தது என்பது 1930-களில் செல்வாக்குப் பெற்ற இரண்டாவது கதை. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால், இரண்டுமே பாதிதான் தேறும்.

எடைபோட ஒரு தராசு வேண்டும். அது நம் கையிலேயே இருக்கிறது. ஒற்றாடல் என்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்துப்போனால்தான் நம்பலாம் என்கிறார். இதில் உயிரான நிபந்தனை, அவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதிருப்பது. மூன்று பேர் சொன்னால் போதாது. மூன்று பேரும் தனித்தனியே கண்டு சொல்ல வேண்டும். அரசனுக்குச் சொன்ன விதி, பத்திரிகை ஆசிரியருக்கும் பொருந்தும். வாசகனுக்கு அதைவிட அதிகமாகப் பொருந்தும்.

விலைக்கு வாங்கிய பத்திரிகை

முதலில் ஜெர்மனி. போர் தொடங்கிய ஆகஸ்ட் மாதமே, முன்னாள் குடியேற்ற நாடுகள் அமைச்சர் பெர்ன்ஹார்ட் டெர்ன்பர்க் நியூயார்க் வந்து செய்தி அலுவலகம் திறந்தார். ஜார்ஜ் சில்வெஸ்டர் வீரெக் என்ற கவிஞர் 'தி ஃபாதர்லாந்து' என்ற ஆங்கில வார இதழைத் தொடங்கினார். 1915-ல் எட்வர்ட் ரூம்லி என்பவர் 'நியூயார்க் ஈவினிங் மெயில்' நாளிதழை வாங்கினார். பெயர் அவருடையது, பணம் பெர்லினுடையது. அது வெளிப்பட்டபோது போர் முற்றியிருந்தது. 1920-ல் அவருக்குத் தண்டனை கிடைத்தது.

எதிரிக்குப் போகும் ஆயுதத்தைத் தடுக்க வேறொரு பிரிவு வேலை செய்தது. ராணுவ அதிகாரி ஃபிரான்ஸ் ஃபான் பாப்பனும் கடற்படை அதிகாரி கார்ல் பாய்-எட்டும் 1915 டிசம்பரில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1916 ஜூலை 30 அதிகாலையில், நியூஜெர்சிக் கரையில் பிளாக் டாம் என்ற இடத்தில் குவித்திருந்த வெடிமருந்து வெடித்தது. சுதந்திர தேவி சிலைக்கும் சேதம். ஜெர்மன் நாசவேலைதான் என்று சர்வதேச உரிமைக்கோரல் ஆணையம் தீர்ப்பளிக்க 1939 ஆகிவிட்டது.

ஜெர்மன் பிரச்சாரம் தோற்றதற்குக் காரணம் திறமைக்குறைவு என்று பலர் எழுதிவிட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. டெர்ன்பர்க் நன்றாகவே பேசினார். வீரெக்கின் இதழ் நன்றாகவே விற்றது. வாயால் கட்டியதைக் கையால் இடித்துக்கொண்டதுதான் ஜெர்மனி செய்த பிழை. 1915 மே 7-ஆம் தேதி லூசிடானியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. இறந்த சுமார் 1,200 பேரில் அமெரிக்கர்கள் 128. டெர்ன்பர்க் அதை நியாயப்படுத்திப் பேசினார். அடுத்த மாதம் அவர் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. அந்தச் செயலுக்கு வக்காலத்து வாங்க எந்தப் பத்திரிகையாலும் முடிந்திருக்காது.

வெட்டப்பட்ட கம்பி

அடுத்து பிரிட்டன். போர் அறிவித்த சில மணி நேரத்தில், 1914 ஆகஸ்ட் 5 விடியற்காலையில், 'அலர்ட்' என்ற பிரிட்டிஷ் கேபிள் கப்பல் ஆங்கிலக் கால்வாய்க்குப் போனது. கொக்கி போட்டுக் கடலடிக் கம்பிகளை இழுத்து, ஜெர்மனியை வெளியுலகத்தோடு இணைத்த ஐந்தையும் வெட்டியது. அன்று முதல் ஐரோப்பியச் செய்தியின் பெரும்பகுதி லண்டன் வழியாகத்தான் அமெரிக்கா போனது. லண்டனில் தணிக்கையாளர் உட்கார்ந்திருந்தார்.

இந்த வெட்டுக்குள் பொய் எதுவும் இல்லை. ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. ஆனால் எது போகும், எது போகாது, எது முதலில் போகும் என்பது ஒரு தரப்பின் கைக்கு வந்துவிட்டது. நாளிதழ் நடத்தியவர்களுக்குத் தெரியும்: முதலில் வருவது தலைப்புச் செய்தி, மறுநாள் வரும் மறுப்பு உள்பக்கத்துத் துண்டு. 1916 அக்டோபரில், அமெரிக்காவின் ஹர்ஸ்ட் பத்திரிகைக் குழுமத்தின் செய்தி நிறுவனம் தணிக்கைக்குக் கட்டுப்படவில்லை என்று சொல்லி, கேபிள் வசதியையே பிரிட்டன் மறுத்துவிட்டது. வாசலைப் பிடித்தவன் பேச வேண்டியதில்லை. தாழ்ப்பாளைக் காட்டினாலே போதும்.

இதையும் மிகைப்படுத்தக் கூடாது. ஜெர்மனியின் நௌவன் நிலையத்திலிருந்து கம்பியில்லாத் தந்தி லாங் ஐலண்டின் சேவில் வரை எட்டியது. ஜெர்மன் படைத் தலைமையின் அறிக்கைகளை அமெரிக்க இதழ்கள் அச்சிட்டன. அமெரிக்காவிலேயே ஜெர்மன் மொழி இதழ்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பெல்ஜியத்தில் ஜெர்மன் படையோடு சென்ற ஐந்து அமெரிக்க நிருபர்கள், தாங்கள் கொடுமை எதையும் பார்க்கவில்லை என்று 1914 செப்டம்பரில் கூட்டாகத் தந்தி அடித்தார்கள், அதுவும் வெளிவந்தது. 1914 நவம்பரில் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் 367 பத்திரிகை ஆசிரியர்களைக் கேட்டது. 105 பேர் நேச நாடுகளின் பக்கம், 20 பேர் ஜெர்மனியின் பக்கம், 242 பேர் எந்தப் பக்கமும் இல்லை. கம்பி வெட்டி மூன்று மாதமான பிறகும் மூவரில் இருவர் நடுநிலையில்தான் நின்றார்கள்.

கை தெரியாத புத்தகம்

1914 செப்டம்பரில் லண்டனில் வெலிங்டன் ஹவுஸ் என்ற கட்டடத்தில் சார்லஸ் மாஸ்டர்மன் தலைமையில் ஒரு ரகசிய அலுவலகம் தொடங்கியது. நாடாளுமன்ற உறுப்பினர்களில் பலருக்கே அது இருப்பது தெரியாது. அமெரிக்கப் பிரிவைக் கவனித்தவர் கனடாவில் பிறந்த நாவலாசிரியர் கில்பர்ட் பார்க்கர். ஆசிரியர்கள், பாதிரிமார், பேராசிரியர்கள், நூலகங்கள் என்று முகவரிகளைத் திரட்டி நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் அனுப்பினார். அச்சிட்டவை பெயர்பெற்ற பதிப்பகங்கள். எழுதியவர்கள் பெயர்பெற்ற எழுத்தாளர்கள். கூடவே, தனிமனிதராகப் பார்க்கர் எழுதிய பணிவான கடிதம். பணம் கொடுத்த அரசின் பெயர் எங்கும் இல்லை. அமெரிக்காவின் சிறிய மாநிலங்களில் 360 இதழ்களுக்கு வாராவாரம் போர் விமர்சனம் போய்ச்சேர்ந்ததை, 1918-ல் ஒரு மாத இதழில் அவரே பெருமையாகச் சொன்னார்.

இந்த அலுவலகத்தின் வழியே அமெரிக்காவெங்கும் பரவியது பிரைஸ் அறிக்கை. பெல்ஜியத்தில் நடந்த கொடுமைகளைப் பற்றியது. தலைமை தாங்கிய ஜேம்ஸ் பிரைஸ் அமெரிக்காவில் தூதராக இருந்தவர், அங்கே மிகவும் மதிக்கப்பட்டவர். லூசிடானியா மூழ்கிய ஐந்தாம் நாள், 1915 மே 12 அன்று அது வெளியானது. சுமார் 1,200 வாக்குமூலங்கள் அதன் அடிப்படை. ஆனால் சாட்சிகள் சத்தியப் பிரமாணம் செய்யவில்லை, அவர்களின் பெயர்கள் இல்லை, குழுவினர் ஒரு சாட்சியையும் நேரில் விசாரிக்கவில்லை. கேட்டாலே குலை நடுங்கும் கதைகள் பல எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் ஏறிவிட்டன. பின்னாளில் தேடியபோது மூல வாக்குமூலங்கள் கிடைக்கவில்லை.

அப்படியானால் பெல்ஜியத்தில் ஒன்றும் நடக்கவில்லையா? நடந்தது. ஜான் ஹோர்ன், ஆலன் கிரேமர் என்ற வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களை அலசி 2001-ல் வெளியிட்ட நூல், 1914-ல் பெல்ஜியத்திலும் பிரான்சிலும் ஜெர்மன் படை சுமார் 6,500 பொதுமக்களைக் கொன்றதை நிறுவியது. டினான் என்ற சிற்றூரில் மட்டும் 674 பேர். லூவென் பல்கலைக்கழக நூலகம் எரிக்கப்பட்டது. இவ்வளவு கொடிய உண்மைக்கு ஒப்பனை தேவைப்படவில்லை. அதற்குப் போலி நகை பூட்டி அனுப்பினார்கள். நகை போலி என்று தெரிந்த நாளில், உண்மையையும் சேர்த்தே உலகம் தூக்கி எறிந்தது.

போர்க்காலப் பிரச்சாரத்தின் மீது எனக்குள்ள மிகப் பெரிய கோபம் இதுதான். பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கும் ஆலை ஜெர்மனியில் இருக்கிறது என்று 1917 ஏப்ரலில் லண்டன் இதழ்கள் எழுதின. 1925-ல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின், அதற்கு ஆதாரமில்லை என்ற ஜெர்மனியின் மறுப்பை நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு தலைமுறையே கொடுமைச் செய்தி எதைக் கண்டாலும் உதட்டைப் பிதுக்கியது. 1942-ல் யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படும் செய்தி வந்தபோது, பழைய பொய்யை நினைத்துப் பலர் நம்ப மறுத்தார்கள். ஒரு போரில் சொன்ன பொய்க்கான வட்டியை அடுத்த போரின் அப்பாவிகள் கட்டினார்கள்.

உண்மை, ஆனால் யார் சொன்னது?

ரோட் ஐலண்டில் 'பிராவிடன்ஸ் ஜர்னல்' என்ற இதழ். ஆசிரியர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜான் ராத்தம். ஜெர்மன் சதிகளை அவருடைய நிருபர்கள் துப்பறிந்து வெளியிடுவதாக நாடே நம்பியது. 'நியூயார்க் டைம்ஸ்' போன்ற பெரிய இதழ்கள் அவற்றை எடுத்துப் போட்டன. பின்னால் நடந்தது வேறு. அந்தச் செய்திகளில் பல, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கய் காண்ட் கொடுத்தவை. காண்டுக்குக் கொடுத்தவர்கள் இமானுவேல் வோஸ்கா அமைத்த செக் ஒற்றர் குழுவினர். 1918-ல் அமெரிக்க நீதித் துறை ராத்தமிடம் ஒப்புதல் வாக்குமூலம் வாங்கியது. 1920-ல் அது வெளியானது.

வள்ளுவரின் தராசில் இங்கேதான் முள் அசைகிறது. லண்டன் கேபிள் ஒன்று சொல்கிறது. பார்க்கர் அனுப்பிய நூல் அதையே சொல்கிறது. பிராவிடன்ஸ் இதழும் அதையே சொல்கிறது. ஒன்றையொன்று அறியாத மூன்று சாட்சிகள் ஒத்துப்போவதாக வாசகன் நினைக்கிறான். வாய் மூன்று, குரல் ஒன்று.

இதன் உச்சம் சிம்மர்மன் தந்தி. 1917 ஜனவரியில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் சிம்மர்மன், போர் மூண்டால் ஜெர்மனியோடு சேரும்படியும், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ளலாம் என்றும் மெக்சிகோவுக்குத் தூது அனுப்பினார். அமைதிப் பேச்சுக்காக அமெரிக்கா நல்லெண்ணத்தோடு திறந்துவிட்டிருந்த அதன் சொந்தக் கம்பியிலேயே அது போனது. அந்தக் கம்பி லண்டனைத் தொட்டுச் சென்றது. பிரிட்டிஷ் கடற்படையின் 40-ஆம் எண் அறை அதை இடைமறித்துப் படித்தது. நட்பு நாட்டின் கம்பியை ஒட்டுக்கேட்டது தெரியக் கூடாது என்று, மெக்சிகோவில் கிடைத்த இன்னொரு நகலைத் தேடிப் பிடித்தார் கடற்படை உளவுத் துறைத் தலைவர் அட்மிரல் ஹால். மார்ச் 1 காலையில், அசோசியேட்டட் பிரஸ் வழியாக அமெரிக்க நாளிதழ்களில் தந்தி வெளியானது. கிடைத்த வழியை அமெரிக்க அரசும் சொல்லவில்லை.

பிரிட்டனின் போலிச் சரக்கு என்று வீரெக் எழுதினார். பலரும் சந்தேகப்பட்டார்கள், பட்ட சூடு அப்படி. மார்ச் 3 அன்று பெர்லினில் நிருபர்களைச் சந்தித்தார் சிம்மர்மன். ஹர்ஸ்ட் குழுமத்தின் நிருபர் வில்லியம் பேயார்ட் ஹேல், இதை மறுத்துவிடுவீர்கள்தானே என்று கேட்டு வழி எடுத்துக்கொடுத்தார். ஹேல் ஜெர்மனியிடம் சம்பளம் வாங்கியவர் என்பது பின்னாளில் தெரியவந்தது. சிம்மர்மன் மறுக்கவில்லை. உண்மைதான் என்றார். கூலி வாங்கிய நிருபர் பொய்க்கு வாசல் திறந்துவிட, கூலி கொடுத்த அரசின் அமைச்சர் உண்மையைச் சொன்னார்.

போருக்குக் காரணம் பத்திரிகையா?

பிரச்சாரமே அமெரிக்காவைப் போருக்கு இழுத்தது என்ற இரண்டாவது கதை ஏன் முழுமையாக நிற்கவில்லை? லூசிடானியா மூழ்கியதற்கும் போர்ப் பிரகடனத்துக்கும் இடையே 23 மாதங்கள். அத்தனை கொதிப்புக்கும் நடுவில், நம்மைப் போரில் சேராமல் காத்தவர் என்ற முழக்கத்தோடுதான் 1916 நவம்பரில் உட்ரோ வில்சன் மறுபடியும் வென்றார். முடிவை மாற்றியது, எந்தக் கப்பலையும் எச்சரிக்கையின்றி மூழ்கடிக்கலாம் என்று ஜெர்மனி எடுத்து, 1917 பிப்ரவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய முடிவு. வணிகமும் ஒரு பக்கம் இழுத்தது. 1915-ல் மட்டும் ஆங்கிலோ-பிரெஞ்சுக் கடனாக 50 கோடி டாலரை அமெரிக்கச் சந்தை கொடுத்திருந்தது. பத்திரிகைகள் போரை உண்டாக்கவில்லை. போர் வந்தபோது அமெரிக்கன் எந்தச் சன்னல் வழியாக அதைப் பார்த்தான் என்பதைத் தீர்மானித்தன. அந்தச் சன்னலை யார் பொருத்தினார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

இந்த வழக்கில் நம்மவர்களுக்கும் இடமுண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், நம் பேச்சில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழரான செண்பகராமன் பிள்ளை, நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தில் இந்தியாவுக்காக இதழ் நடத்தி, அங்கிருந்து பெர்லின் போனார். இந்தியப் புரட்சியாளர்கள் நடத்தி, சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த 'கதர்' இதழுக்கும் ஜெர்மன் பணம் போனது. ஜெர்மனி வாங்கிக் கொடுத்த ஆயுதங்களோடு 'ஆனி லார்சன்' கப்பல் புறப்பட்டுத் தோற்றது. இவற்றுக்காக அமெரிக்காவில் தொடுத்த சதி வழக்கு 1917 நவம்பரில் தொடங்கி ஐந்து மாதம் நடந்தது. நம்மவர் என்பதற்காகத் தராசைச் சாய்க்கக் கூடாது. பணம் வந்த வழியை மறைத்தது குறைதான். ஆனால் பிரிட்டிஷ் ஆட்சியின் எதிரி என்று தன் தலைப்பிலேயே அச்சிட்டு வந்த இதழ் அது. யாருக்காகப் பேசுகிறது என்பதில் வாசகனை அது ஏமாற்றவில்லை. சொந்த மண்ணில் பேச வழியில்லாதவர்களுக்கு நடுநிலை நாட்டின் அச்சகம்தான் வாய்.

தீர்ப்பு

செயலை எடைபோட்டால் ஜெர்மனியின் குற்றமே கனமானது. டினானில் செத்தவர்களையும் கடலில் மூழ்கியவர்களையும் எந்த வாதமும் இலேசாக்காது. பத்திரிகைக்கு இழைத்த தீங்கை எடைபோட்டால் பிரிட்டனின் குற்றமே கனமானது. ஜெர்மனி வாங்கியது சில இதழ்களை. பிரிட்டன் கெடுத்தது வாசகனின் சரிபார்க்கும் வழியையே. ஒரே ஊற்றின் நீரை மூன்று குடங்களில் ஊற்றி, மூன்று ஊற்று என்று நம்பவைத்தது.

இந்த இரண்டு அரசுகளையும்விடக் கண்டிப்பாக நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் அமெரிக்க ஆசிரியர்கள். அரசுகள் தம் போரை நடத்தின. ஆசிரியர்கள் தம் வேலையைச் செய்யவில்லை. மூலத்தைக் காப்பது வேறு. மூலத்தின் உள்நோக்கத்தை மறைப்பது வேறு. தகவல் தந்தவரின் பெயரைச் சொல்லாமலே, போரில் பங்குள்ள ஒரு தரப்பிடமிருந்து வந்தது என்று ஒரு வரி போட்டிருக்கலாம். 'வேர்ல்டு' போடவில்லை. ராத்தம் தன் நிருபர்கள் கண்டுபிடித்ததாகவே சொன்னார். உண்மையை அச்சிட்டோம் என்பது அவர்களுக்குச் சாட்சியாகாது. ஒரு தரப்பு தேர்ந்தெடுத்துக் கொடுத்த உண்மை, அந்தத் தரப்பின் ஆயுதம். அதைக் கையில் வாங்கியவன் அதன் பிடியில் இருந்த கையைச் சொல்லக் கடன்பட்டவன்.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெண்கலப் பதக்கத்தோடு முடிக்கிறேன். லூசிடானியா மூழ்கியதும் மியூனிக் சிற்பி கார்ல் கோட்ஸ் சொந்தமாக வார்த்தது. ஒரு பக்கம் மூழ்கும் கப்பல். மறுபக்கம் கப்பல் நிறுவனத்தின் பயணச்சீட்டுச் சாளரம். உள்ளே இருந்து சீட்டு விற்பது ஓர் எலும்புக்கூடு. வரிசையில் ஒருவன் நாளிதழ் படித்துக்கொண்டிருக்கிறான். நீர்மூழ்கி ஆபத்து என்பது அதன் தலைப்பு. ஆபத்து தெரிந்தும் பயணிகளை ஏற்றிய நிறுவனத்தின் பேராசையைக் குற்றம்சாட்டவே கோட்ஸ் அதைச் செய்தார். பிரிட்டன் அதை லட்சக்கணக்கில் நகலெடுத்து, பெட்டியில் வைத்து, ஒரு விளக்கத் தாளோடு உலகெங்கும் விற்றது. ஜெர்மனி படுகொலையைக் கொண்டாடுகிறது என்றது அந்தத் தாள். உருவம் அதே, எலும்புக்கூடு அதே, நாளிதழ் படிக்கும் மனிதனும் அதே. மாறியது பெட்டிக்குள் இருந்த தாள் மட்டும். பதக்கத்தைக் கையில் வாங்கியவர்களில் எத்தனை பேர், அந்தத் தாளை எழுதியது யார் என்று கேட்டிருப்பார்கள்?